பத்து நடக்குது

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு மட்டாஞ்சேரி செக்குச் சந்தில், பாண்டிச்செல்வி வீட்டின் பின்னறையில் இன்னும் இருக்கிறது. மற்ற இடங்களில் அது முடிந்து போய்விட்டது என்கிறார்கள், இருக்கலாம். ஓடு வேய்ந்த அந்த ஓர் அறைக்குள் மட்டும் அது ஜனவரியில் தொடங்கி டிசம்பர் வரை நடக்கிறது. டிசம்பர் முடிந்ததும் போக இடம் தெரியாமல் மறுபடி ஜனவரிக்கே திரும்பிவிடுகிறது. அறை பெரியதும் அல்ல. கட்டிலும் துணி போடும் கொடிக்கயிறும் போக ஆள் நடக்கக் கொஞ்சம் இடம் மிஞ்சும். முன்வீட்டிலிருந்து உள்ளே போக ஒரு கதவு, கொல்லைக்குப் போக இன்னொன்று, சந்துப் பக்கம் ஒரு சன்னல். ஓர் ஆண்டு முழுவதும் அடங்க இவ்வளவு இடம் போதும் என்பது அது வந்து தங்கும்வரை யாருக்கும் தெரியாது. சந்தில் வீடு தேடி வருகிறவர்களிடம் தரகர் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தையும் மழைக்காலத்தில் ஓடை பொங்குவதையும் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். இதற்காக யாரும் வாடகையைக் குறைக்கச் சொன்னதில்லை.

எல்லாம் ஒரு சொல்லால் வந்தது. செக்குச் சந்தில் பாதி வீடு தமிழ், பாதி வீடு மலையாளம். பிள்ளை பிறந்த அன்றே அதற்கு ஒன்று நடக்கிறது என்பது தமிழ்க்காரர்கள் கணக்கு. தொட்டிலில் கிடந்து காலை உதைக்கிற ஒன்றைப் பார்த்துப் பூஜ்ஜியம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. மலையாளத்துக்காரர்களோ வருடம் முழுதாக நிறைந்தால்தான் ஒன்று என்பார்கள். நிறைந்துவிட்டது என்பதற்கு அவர்கள் சொல் ‘திகஞ்ஞு’. ஆகவே சந்தில் ஒரே நாளில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று மற்றதைவிட ஒரு வயது மூத்ததாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும் பெண் பார்க்கும்போதும் கொஞ்சம் இழுபறி வரும், மற்றபடி இதனால் யாருக்கும் நட்டம் வந்ததில்லை. நட்டம் வந்தது, புதுப் பத்தாண்டு பிறக்கிறது என்று டிவியில் சொன்ன பிறகுதான்.

தங்கையாவின் சாயாக்கடையில் அந்தச் சண்டை இரண்டாயிரத்துப் பத்தொன்பது டிசம்பரில் தொடங்கியது. சந்தின் கிளப்புக்குச் செயலாளரான ரமேஷ்பாபு, பத்தில் தொடங்கி பத்தொன்பதோடு பத்து வருடம் திகஞ்ஞு, கணக்கு முடிந்தது என்றார். தங்கையா டம்ளரைக் கழுவிக்கொண்டே, “எண்ணும்போது வெரல ஒண்ணுலருந்துதான மடக்குறோம்? சைபருக்கு எந்த வெரல மடக்குவ நீ?” என்று கேட்டார். அவர் கணக்கில் பத்தாண்டு தொடங்கியது பதினொன்றில், முடிவது இருபதில். இதில் இவ்வளவு சூடு எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். கொச்சியில் வருடக் கடைசியில் பாப்பாஞ்ஞி எரிப்பார்கள். வைக்கோல் திணித்து, சட்டை கால்சட்டை மாட்டி, பஞ்சுத் தாடி ஒட்டிய ஒரு கிழவன் அது. போகிற ஆண்டு அவன்தான். போர்ட் கொச்சிக் கடற்கரையில் பெரியவன் எரிவான், சந்துக்குச் சந்து சின்னவர்கள் எரிவார்கள். எரித்தால்தான் ஆண்டு போகும் என்பதில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பேதமில்லை. பத்தாண்டு முடிகிற அன்று பனை உயரத்தில் ஒருவனை நிறுத்த வேண்டும் என்று கிளப்புக்கு ஆசை. எந்த டிசம்பரில் நிறுத்துவது என்பதுதான் பேச்சு. அந்த டிசம்பரில் முடிவாகாமல் வழக்கமான சின்னவனையே எரித்துவிட்டு, சண்டையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைத்தார்கள்.

அடுத்த ஆண்டு எப்படிப்பட்டது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பாண்டிச்செல்வியின் புருஷன் செல்லப்பா பஜார் ரோட்டில் மிளகு மூட்டை தூக்குகிறவன். அவள் அதே தெருவின் சரக்குக் கிட்டங்கியில் சுக்குப் பொறுக்குவாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்தது இரண்டாயிரத்துப் பதினொன்று தை மாதம். பிள்ளை தங்கவில்லை, அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதையும் விட்டாயிற்று. மூட்டை தூக்குகிற ஆள் என்றாலும் செல்லப்பாவுக்குப் பல்லியைக் கண்டால் பயம், மிளகுத் தூசி மூக்கிலேறி வீட்டுக்கு வந்த பிறகும் தொடர்ச்சியாகத் தும்முவான், சந்தின் கோடியில் இருப்பவர்களுக்குக்கூட அவன் வேலை முடிந்து வந்தது அந்தத் தும்மலில் தெரியும். ஊரடங்கில் கிட்டங்கி மூடியது. தோப்பும்படி மீன் துறைமுகம் கொஞ்சம் திறந்ததும் ஐஸ் பெட்டி தூக்கப் போனான். ஓணம் கழிந்த வாரத்தில் காய்ச்சல் வந்தது. பின்னறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள்; கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு அவள் விலகி நிற்க வேண்டும். பிறகு வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் கொல்லை வழியாக வந்து கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன்தான் வந்தது. முகம் பார்க்கவில்லை. அதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. அந்த ஆண்டு முகம் பார்க்காதவர்கள் நிறையப் பேர்.

டிசம்பர் கடைசி நாள் மத்தியானம், கூட்டம் கூடக் கூடாது என்று போலீஸ் சொல்லியிருந்ததால் ரமேஷ்பாபு மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்டார். பத்தாண்டு திகைந்துவிட்டதா, இல்லையா. சைபர்க்காரர்களும் ஒன்றுக்காரர்களும் சரிக்குச் சரியாக வந்தார்கள். கடைசி வீடு பாண்டிச்செல்வியுடையது. அவள் வாசலில் உட்கார்ந்து கப்பைக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். மாதக்கணக்காக அவள் சாயாக்கடைப் பக்கம் போகவில்லை, இப்படி ஒரு வாக்கெடுப்பு நடப்பதும் தெரியாது.

“பத்து திகஞ்ஞோ சேச்சி?” என்று துணிக்குள்ளிருந்து கேட்டார் அவர்.

துக்கத்துக்கு வருகிறவர்கள் எத்தனை வருடம் வாழ்ந்தீர்கள் என்று கேட்பார்களே, அப்படித்தான் கேட்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். தையில் கல்யாணம். ஒன்பது முடிந்து பத்தாவது ஓடிக்கொண்டிருந்தது.

“இல்லண்ணே. ஒம்பது முடிஞ்சுச்சு. பத்து நடக்குது.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நடந்தது என்று சொல்ல வேண்டிய இடத்தில் நடக்குது என்று சொல்லிவிட்டோம் என்பது அவர் நாலு வீடு தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கூப்பிட்டுத் திருத்தவில்லை. திருத்த வேண்டுமென்றால் வாயால் எதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே சந்துமுனையில் தங்கையா தன் கட்சி ஜெயித்துவிட்டதாகத்தான் முதலில் சிரித்தார். ஆனால் ரமேஷ்பாபு, நடந்துகொண்டிருப்பதை எப்படி எரிப்பது என்று கேட்டார். வாங்கி வைத்த வைக்கோலை ஆட்டுக்குப் போட்டார்கள். பழைய பத்திலும் சேராமல் புதிய பத்திலும் சேராமல், போ என்று சொல்ல ஆளில்லாமல், அந்த ஆண்டு நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் பின்னறையில் தும்மல் கேட்டது. பாண்டிச்செல்வி செப்டம்பரிலிருந்து திறக்காத கதவைத் திறந்தாள். செல்லப்பா கட்டிலில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, சாயா ஆகலையா என்றான். சன்னலுக்கு வெளியே ஒரு வருடத்துக்கு முந்திய சந்து, முகத்தில் துணி கட்டாத ஜனங்களோடு இரைச்சலாகப் போய்க்கொண்டிருந்தது. நீ எதுக்கு மூஞ்சியில துணி கட்டிருக்க என்று அவன் கேட்டான். அவள் துணியை அவிழ்த்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். பால் பொங்கி வழிந்தது, துடைத்தாள். டம்ளரைக் கையில் கொடுத்தபோது விரல் பட்டது, விரல் சூடாக இருந்தது. அவ்வளவு சந்தோஷத்தை அவள் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

தங்கையா வந்து பார்த்தார். செல்லப்பாவிடம் நலம் விசாரித்து, இன்று என்ன தேதி என்று கேட்டு, திரும்பிப் போய் ஆமாம், அந்த ஆண்டு அங்கே இருக்கிறது என்று கடையில் சொன்னார். பிறகு ஆளாளுக்கு வந்து சன்னல் வழியாகப் பழைய தெருவைப் பார்த்தார்கள். வெங்காயம் அப்போது என்ன விலை விற்றது என்பதில் இருந்த ஒரு தகராறு அன்றைக்குத் தீர்ந்தது. கொல்லைக் கதவு வழியாக வெளியே போனால் மற்றவர்கள் இன்றைய கொல்லையில், இன்றைய துவைகல் பக்கத்தில்தான் நிற்பார்கள். செல்லப்பா போனால் அவனுடைய ஆண்டுக்குள் போவான், சாயங்காலம் மிளகு வாசனையோடு திரும்புவான். முன்வீட்டுப் பக்கம் அவனால் வர முடியாது. அந்தப் பக்கத்து வாசற்படியில் கால் வைத்ததும் சோற்று ஆவியைப் போல மெலிந்து போனான். அதைக் கண்டதும் பாண்டிச்செல்வி அவனை உள்ளே தள்ளிவிட்டு அதன் பிறகு கூப்பிட்டதே இல்லை.

அவன் திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தாளே தவிர, அவன் வந்தது எந்த ஆண்டோடு என்பதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. மார்ச் வந்தது. சன்னலில் தட்டு தட்டும் சத்தமும் கைதட்டலும் கேட்டன. பிறகு சந்து காலியானது. ஆனி மாத மழையில் ஒருநாள் ஆட்டோ ஒன்று வழியடைப்பில் மாட்டிச் சன்னலுக்கு நேரே நின்றது. அதற்குள் ஒரு குழந்தை பிறந்து அழுதது. எதிர்வீட்டு அனூப், ஷைலஜா தம்பதியின் மகள் அம்மு அது. விஷயம் தெரிந்ததிலிருந்து ஷைலஜா வருடா வருடம் அந்த நாளில் அம்முவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து அந்த முதல் அழுகையைக் கேட்டுவிட்டுப் போவாள். தன் அழுகையைக் கேட்டு அம்மு சிரிப்பாள். அந்த அறையில் நல்லது என்று நடந்தது அது ஒன்றுதான்.

ஓணம் நெருங்கியதும் பாண்டிச்செல்வி செல்லப்பாவின் செருப்பை ஒளித்தாள். தோப்பும்படிக்குப் போக வேண்டாம் என்று காலைப் பிடித்தாள். எத்தன நாளைக்கி வீட்டுல குத்தவச்சுத் திங்கிறது என்று வெறுங்காலோடு போனான். காய்ச்சல் வந்தது. இந்த முறை அவள் கதவைச் சாத்தவில்லை, தலைமாட்டிலேயே உட்கார்ந்தாள். கடையிலிருந்து புது மருந்து வாங்கி வந்தாள். அந்த ஆண்டில் அது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதால் அறைக்குள் கொண்டுபோனதும் கையில் சுண்ணாம்பாக உதிர்ந்தது. வெள்ளை உடுப்புக்காரர்கள் கொல்லை வழியாக வந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு அவள் தெரியவில்லை. போன முறை பார்க்காத முகத்தை இந்த முறை பார்த்தாள். மூச்சுக்காக வாய் திறந்து திறந்து மூடியது. பார்க்காமலே இருந்திருக்கலாம். அதன் பிறகு டிசம்பர் வரை அறை வெறுமனே கிடந்தது. ஜனவரியில் சாயா கேட்டான்.

அடுத்த ஆண்டு எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். அது அவள் செய்த பெரிய தப்பு. சொன்ன நாளிலிருந்து அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். தும்மினால் பயந்தான், அவள் தொட்டால் பயந்தான், இன்னும் எத்தன நாளு என்று காலையில் எழுந்ததும் கேட்டான். துறைமுகத்துக்குப் போகவே இல்லை. ஓணம் கழிந்த வாரத்தில் காய்ச்சல் சன்னல் வழியாக வந்தது. ஜனவரியில் ஒன்றும் நினைவில்லாமல் வந்தவனிடம் அவள் அதற்குப் பிறகு எதையும் சொன்னதில்லை. தெரிந்தவள் ஒருத்தி போதும் என்று வைத்துக்கொண்டாள்.

இப்படியே வருடங்கள் போயின. ஓணம் வரை தாலி போட்டுக்கொள்வாள், ஓணம் கழிந்து கழற்றி வைப்பாள், ஜனவரியில் மறுபடி எடுப்பாள். அவளைக் கல்யாணத்துக்கு அழைப்பதா வேண்டாமா என்று சந்துக்காரர்கள் மாதத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள். கையோடு கூட்டிப் போக ஊரிலிருந்து வந்த அண்ணன் பாண்டியராஜன், மாப்பிள்ளையோடு உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, தனியாகவே பஸ் ஏறினார். அவளுக்கு முன்தலை நரைத்தது. ஒரே நாள்ல எப்புடிடி நரைச்ச என்று ஒவ்வொரு ஜனவரியிலும் செல்லப்பா அதிசயப்படுவான். மற்றவர்களுக்குப் புருஷன் ஒருமுறை செத்தால் அழுது தீர்த்துக்கொள்ள மிச்ச வாழ்நாள் கிடைக்கிறது. அவளுக்கு அழுகை தீர்வதற்குள் அவன் வந்துவிடுவான், வந்தவனைக் கண்டு மனம் ஆறுவதற்குள் ஓணம் வந்துவிடும். வரவர அவளுக்கு ஜனவரியே பிடிக்காமல் போனது. உயிரோடு சிரித்துக்கொண்டிருக்கிறவனைப் பார்க்கும்போதுதான் அதிகமாக வலித்தது. இதற்கு அவள் என்ன பாவம் செய்தாள் என்று கேட்டால் இந்தச் சந்தில் யாருக்கும் பதில் தெரியாது.

போன டிசம்பரில் அவள் கிளப்புக்குப் போனாள். ரமேஷ்பாபு கேரம் பலகையை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். தங்கையாவும் அங்கே இருந்தார்.

“முடிச்சிருங்கண்ணே” என்றாள்.

அவர்கள் இருவரும் பழைய வழக்கப்படி தொடங்கினார்கள். ஒன்றிலிருந்து எண்ணினால் அது பழைய பத்தின் கடைசி ஆண்டு, அந்தப் பத்து போய்ச் சேர்ந்தாயிற்று, இனி யார் வந்து இதைக் கூட்டிப் போவது. சைபரிலிருந்து எண்ணினால் புதிய பத்தின் தலைப்பிள்ளை, அந்தப் பத்து இன்னும் பாதி வழிதான் வந்திருக்கிறது.

“ஏதாச்சும் ஒரு பத்துல சேத்துக்கங்க. எனக்கு எதுவானாலும் சரிதான். மனுசன் எத்தன தடவ சாவாரு?”

அதன் பிறகு இருவரும் தர்க்கம் பண்ணவில்லை. பழைய பத்திலேயே சேர்ப்பது என்று ரமேஷ்பாபு முதன்முறையாகத் தங்கையாவுக்கு விட்டுக்கொடுத்தார். விட்டுப்போன ஆண்டுக்குத் தனியாக ஒரு பாப்பாஞ்ஞி செய்வது, அதற்கு அந்த ஆண்டின் துணியையே போடுவது, அவள் வாயாலேயே திகஞ்ஞு என்று சொல்லித் தீ வைப்பது என்று ஏற்பாடு. பின்னறைக் கொடியில் தொங்கிய செல்லப்பாவின் நீலச்சட்டையை அவள் எடுத்து வந்தாள். அந்த ஆண்டு ஆளைத்தான் திருப்பிக் கொண்டுவரும். அறையை விட்டு வெளியே எடுத்த பொருளைத் திருப்பிக் கொண்டுவராது. அது அவளுக்குத் தெரியும். கடைசி நாள் சாயங்காலம் வைக்கோல் திணித்துச் சட்டை மாட்டி, குழாயடிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். பஞ்சுத் தாடி ஒட்டியும் தோள் மட்டும் செல்லப்பாவின் தோளாகவே இருந்தது.

அப்போதுதான் ஷைலஜா வெளியே வந்தாள். அம்முவின் கையைப் பிடித்திருந்தாள். அம்முவுக்கு ஷைலஜாவின் கணக்கில் ஐந்து திகஞ்ஞிருந்தது, பாண்டிச்செல்வியின் கணக்கில் ஆறு நடந்துகொண்டிருந்தது.

“சேச்சி, ஆ கொல்லம் போயா... இவளும் ஆ கொல்லத்துக்காரியல்லே?”

அந்த ஆண்டு போனால் இவளும் அந்த ஆண்டுக்காரிதானே என்று கேட்டாள். ஒன்றும் ஆகாது என்று ரமேஷ்பாபு சொன்னார், ஆனால் அம்முவைப் பார்க்காமல் சொன்னார். ஆண்டை எரித்தால் அதில் செத்தவர்கள் போய்விடுவார்கள் என்றால் அதில் பிறந்தவர்கள் என்ன ஆவார்கள் என்பதற்குச் சைபர்க்காரர்களிடமும் கணக்கில்லை, ஒன்றுக்காரர்களிடமும் கணக்கில்லை. ஷைலஜா கெஞ்சவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். உள்ளே அம்மு எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

பாண்டிச்செல்வி ஒரு கணம் போனால் போகட்டும் என்றுதான் நினைத்தாள். அதை இங்கே மறைத்து எழுத வேண்டிய அவசியமில்லை. நான்கு வீட்டுக்கும் பிள்ளை இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது என்றும் நினைத்தாள். கையில் தீப்பெட்டியோடு நின்றவள், அம்முவின் அப்பா அனூப் தலை குனிந்து நிற்பதைப் பார்த்தாள். பிறகு குழாயடிக்குப் போய், சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வைக்கோல் தரையில் சரிந்தது. சட்டையை உதறி, குழாயைத் திறந்து அங்கேயே அலசிப் பிழிந்தாள். காலையில் வருகிறவனுக்கு உடுத்த வேறு சட்டை கிடையாது.

இந்த ஜனவரி ஒன்றாம் தேதி செல்லப்பா சாயாவைக் குடித்துவிட்டுச் சட்டையைப் போட்டான். ஈரமா இருக்கே என்றான். நேத்துத்தான் தொவச்சேன் என்றாள். அவளே பொத்தான் போட்டுவிட்டாள், அவன் குழந்தை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

“தங்கையா கடையில காலங்காத்தால ஒரே சண்ட. புதுப் பத்து பொறந்துருச்சுங்கறான் ரமேஷ்பாபு, இல்லங்கறாரு அவரு. எனக்கென்னமோ பொறந்த மாதிரித்தான் இருக்கு. போன பத்துல நமக்கு ஒண்ணும் அமையல, இந்தப் பத்துல பாரு, எல்லாம் நேராயிரும். ஒனக்கு எப்புடித் தெரியுது செல்வி?”

அவள் கடைசிப் பொத்தானையும் போட்டாள்.

“பொறந்துருச்சுங்க” என்றாள்.

அவன் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வேலைக்குப் போனான். அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பஜார் ரோட்டுக்குக் கிளம்பினாள். அன்று கிட்டங்கியில் சுக்கு வரத்து அதிகம்.